அம்மாவுக்குப் பாட்டுப் போட்டால் கோபம்தான் வருகிறது. எங்கே தவறு செய்கிறேன்?

வாசல்விளக்கு

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 78 வயது. அல்சைமர் என்று தெரிந்து ஐந்து வருடம் ஆகிறது. முப்பது வருடம் ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் பாடம் எடுத்தவர். இப்போது என்னை ஒரு நாள் அக்கா என்கிறார், ஒரு நாள் "யாரும்மா நீ, எப்ப வந்தே" என்று கேட்கிறார். அது பழகிவிட்டது.

பழகாதவை இரண்டு. காலையில் குளிக்க வைப்பது ஒன்று. தண்ணீர் மேலே பட்டவுடன் கத்துகிறார், கையில் எது கிடைத்தாலும் அடிக்கிறார். போன வாரம் என் மணிக்கட்டில் பல் பதிந்துவிட்டது. இன்னொன்று, சாயங்காலம் ஐந்து மணி ஆனால் "வீட்டுக்குப் போகணும், நேரமாச்சு" என்று வாசல் தாழ்ப்பாளைப் பிடித்து இழுப்பது. இருட்டும் வரை ஓய மாட்டார்.

டாக்டர் மாத்திரை எழுதும்போது, பாட்டுப் போட்டுப் பாருங்கள், சிலருக்கு நல்ல பலன் தரும் என்று ஒரு வரி சொன்னார். இணையத்தில் மன அமைதிக்கான இசை என்று கிடைக்கிறதே, புல்லாங்குழலும் ஓடைச் சத்தமும் கலந்தது, அதைக் காலையிலிருந்து ராத்திரி வரை ஸ்பீக்கரில் ஓட விட்டேன். இரண்டாம் நாள் அம்மா வீடு முழுக்க நடந்து நடந்து குழாயைத் தேடினார். "எங்கேயோ தண்ணி வீணாப் போகுது, மூடச் சொல்லு." மூன்றாம் நாள் காதைப் பொத்திக்கொண்டு அழுதார்.

பாட்டு உதவும் என்பதெல்லாம் பேச்சுக்குத்தானா, இல்லை நான் செய்யும் விதம் தப்பா?

மழைக்காலம்

அக்கா, எங்கள் பாட்டிக்கும் இதே ஐந்து மணிதான். பதில் எதுவும் தெரியாது. படித்துக்கொண்டிருக்கிறேன். மணிக்கட்டுக்கு மருந்து போட்டீர்களா?

தந்திநாதம்

நான் இசை சிகிச்சையாளர். பதினைந்து வருடமாகப் பெரும்பாலும் மறதிநோய் உள்ளவர்களோடுதான் வேலை. உங்கள் அம்மா குழாயைத் தேடியது எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. நமக்கு அது ஓடைச் சத்தம், அவருக்கு அது மூடாமல் விட்ட குழாய். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாதபோது மனம் பதறும். போதாக்குறைக்கு, அவர் ஏற்கனவே பயப்படும் பொருள் தண்ணீர்.

முதலில் அந்த ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள். நமக்குப் பின்னணியில் பாட்டு ஓடினால் மூளை அதை ஓரமாக ஒதுக்கி வைத்துவிடும். இந்த நோயில் அப்படி ஒதுக்கும் திறன் குறைந்துபோகிறது. பாட்டு, டிவி, மிக்ஸி, நாம் பேசுவது எல்லாம் ஒரே அளவில் வந்து விழும். நாள் முழுக்க இசை என்பது அவர்களுக்கு நாள் முழுக்க வேலை. ஒரு நேரத்தில் இருபது, முப்பது நிமிடம் போதும். அந்த நேரத்தில் டிவி ஓடக்கூடாது.

இரண்டாவது, 'அமைதியான இசை' என்று பொதுவாக ஒன்று கிடையாது. அவருடைய பாட்டு வேண்டும். பத்து வயதிலிருந்து இருபத்தைந்து வயது வரை கேட்டது மனதில் ஆழமாகத் தங்குகிறது. வயதானவர்களிடம் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால் அந்த வயது நினைவுகள்தான் அதிகம் வரும். பாட்டுக்கும் அப்படித்தான். உங்கள் அம்மாவுக்கு அந்த வயது எந்த வருடங்களில் வந்தது என்று கணக்குப் போட்டு அங்கே தேடுங்கள். உங்களுக்குப் பிடித்த பழைய பாட்டு வேறு, அவருக்குப் பழகிய பாட்டு வேறு. குடும்பங்கள் அதிகமாகத் தவறுவது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது, நேரம். ஐந்து மணிக்குத் தாழ்ப்பாளைப் பிடித்த பிறகு பாட்டுப் போட்டால் அது இன்னொரு சத்தம், அவ்வளவுதான். நாலரைக்கே ஆரம்பிக்க வேண்டும். லிண்டா கெர்ட்னர் என்ற செவிலியர் ஆய்வாளர் 1990களில் வகுத்த முறை இது: ஒருவர் வழக்கமாக எந்த நேரத்தில் கலங்குகிறார் என்று சில நாள் குறித்துக்கொண்டு, அதற்கு அரை மணி நேரம் முன்னால் அவருக்கென்று தேர்ந்தெடுத்த இசையைக் கேட்க வைப்பது.

ஒரு வார்த்தை என் தொழிலுக்காக. நீங்கள் வீட்டில் செய்யப்போவது இசை கேட்க வைப்பது. அது நல்ல விஷயம், தைரியமாகச் செய்யுங்கள். இசை சிகிச்சை என்பது பயிற்சி பெற்ற ஒருவர் நேரில் உட்கார்ந்து, அந்த ஆளின் மூச்சையும் நடையையும் பார்த்து, அதற்கு ஏற்ற வேகத்தில் வாசித்து, மெதுவாக அவரை வேறு இடத்துக்குக் கூட்டிப்போவது. பதற்றமாக நடப்பவருக்கு எடுத்தவுடன் தாலாட்டுப் பாட மாட்டோம். அவர் நடக்கும் வேகத்துக்கே முதலில் தாளம் போடுவோம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தாளத்தை இறக்கினால் காலும் கூடவே இறங்கும். 1940களிலிருந்து இந்தத் துறையில் கைமாறி வரும் பாடம் இது.

கேள்விக்குறி

மரியாதையோடு ஒரு சந்தேகம். என் மாமனாருக்கும் இந்த நோய், அதனால்தான் கேட்கிறேன். காணொளிகளில் ஹெட்போன் மாட்டியதும் பேசாதவர் பேசுகிறார். எங்கள் வீட்டில் மாட்டினோம், ஒன்றும் நடக்கவில்லை. ஆய்வுகள் உண்மையில் என்ன சொல்கின்றன? நினைவு திரும்புமா?

தந்திநாதம்

திரும்பாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏமாற்றம் முழுக்கக் குடும்பத்தின் தலையில் விழும்.

காக்ரேன் அமைப்பு இதைப் பற்றிய ஆய்வுகளை எல்லாம் சேர்த்து அலசி வெளியிடுகிறது. 2025இல் வந்த தொகுப்பில் 30 ஆய்வுகள், 1,720 பேர். குறைந்தது ஐந்து அமர்வு இசை சிகிச்சை பெற்றவர்களிடம் மனச்சோர்வு ஓரளவு குறைகிறது. நடத்தைச் சிக்கல்கள் மொத்தத்தில் குறையக்கூடும். ஆனால் பதற்றத்திலும் ஆக்ரோஷத்திலும் பெரிய மாற்றம் தெரியவில்லை, நினைவாற்றலிலும் இல்லை. சிகிச்சையை நிறுத்திச் சில வாரம் கழித்துப் பலன் தங்குமா என்பதற்கும் போதுமான சான்று கிடையாது.

பதற்றம் குறையாது என்றால் நாலரை மணிப் பாட்டு எதற்கு என்று கேட்பீர்கள். அந்த எண்கள் எல்லோருடைய சராசரி. நூறு பேரில் சிலருக்கு மிக நன்றாகப் பலன் தரும், பலருக்குக் கொஞ்சம், சிலருக்குத் தொந்தரவாகவே ஆகும். உங்கள் மாமனார் எந்த வகை என்பதைச் சராசரி சொல்லாது, இரண்டு வாரம் குறித்து வைக்கும் ஒரு நோட்டு சொல்லும். நான் முதல் நாள் அமர்வில் நினைவைத் தேடுவதே இல்லை. முகம் தளர்கிறதா, கை விரல் தட்டுகிறதா, பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கிறாரா என்றுதான் பார்ப்பேன். உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று நடந்திருக்கலாம், அவர் பேசுவதையே எதிர்பார்த்ததால் கண்ணில் படாமல் போயிருக்கலாம்.

இரவுப்பணி

நான் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நர்ஸ். கேள்விக்குறி, ஹெட்போன் மாட்டும் முன் காதைப் பார்த்தீர்களா? நிஜமாகவே கேட்கிறேன். எங்களிடம் ஒரு தாத்தா, எந்தப் பாட்டுக்கும் அசைய மாட்டார். ஒரு நாள் காதில் டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் அழுக்குக் கட்டியாக அடைத்திருந்தது. டாக்டர் எடுத்துவிட்ட அன்றைக்கு மாலை அதே பாட்டு, அதே ஆள். காலால் தாளம் போட்டார். காது மெஷின் வைப்பவர்களுக்கு பேட்டரி தீர்ந்திருக்கும், யாருமே கவனித்திருக்க மாட்டோம். அதோடு காது கேட்காமல் போவதே மறதிநோய் வருவதற்கான ஆபத்துகளில் ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் சொல்லிவருகிறது. ஆக எப்படிப் பார்த்தாலும் முதலில் காது.

ஹெட்போனையும் எல்லோரும் ஏற்க மாட்டார்கள். தலையை ஏதோ பிடித்திருக்கிறது என்று பிடுங்கிப் போடுவார்கள். அப்படியென்றால் சின்ன ஸ்பீக்கரை அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதிரே வையுங்கள், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியட்டும். விளம்பரம் வராத பாட்டாகப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். நல்லபடியாக ஒரு பாட்டுப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒருவர் உரக்கக் கூவி எதையோ விற்றால் அவ்வளவு நேரம் செய்தது எல்லாம் வீண்.

வாசல்விளக்கு, குளியலுக்குப் பாட்டுப் போடாதீர்கள். நீங்களே பாடுங்கள். சுவீடனில் ஏவா யெட்டெல் என்பவர் காலைப் பராமரிப்பு நேரத்தில் இதை ஆராய்ந்திருக்கிறார். பார்த்துக்கொள்பவர் பாடிக்கொண்டே துணி மாற்றும்போது, அவர்கள் வாயால் சொல்லும் கட்டளை குறைந்துவிடுகிறது. இருந்தும் நோயாளிக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது இன்னும் நன்றாகப் புரிகிறது, எதிர்ப்பும் குறைகிறது. நான் அதைத் தினமும் பார்க்கிறேன். "கையைத் தூக்குங்க, தூக்குங்க, இல்ல இந்தக் கை" என்று நாம் சொல்லும் ஒவ்வொன்றும் அவர்களுக்கு ஒரு பரீட்சை. பாட்டில் கேள்வியே கிடையாது.

வாசல்விளக்கு

எனக்குப் பாட வராது. குரலே கட்டையான குரல்.

இரவுப்பணி

எனக்கும் வராது அம்மா. பதினோரு வருடமாகப் பாடுகிறேன். யாரும் குறை சொன்னதில்லை.

ஆற்றுமணல்

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு வந்தது அல்சைமர் இல்லை, மூளையின் முன்பகுதியைத் தாக்கும் வகை. ஞாபகத்தைவிட குணம்தான் முதலில் மாறியது. வாழ்நாளில் பாட்டே கேட்காதவர், நோய் வந்த பிறகு ஒரே பாட்டை ஒரு நாளைக்கு நாற்பது முறை கேட்பார். நிறுத்தினால் பாத்திரம் பறக்கும். இந்த வகையில் இசை மேல் தீராத வெறி சிலருக்கு வரும் என்று பின்னால்தான் டாக்டர் விளக்கினார். எங்களுக்கு அந்தப் பாட்டு வரமாக இல்லை. அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் எங்காவது அது ஒலித்தால் அம்மா எழுந்து உள்ளே போய்விடுகிறார்.

எனவே என்ன வகை மறதிநோய் (டிமென்ஷியா) என்று கேட்டுத் தெரிந்துகொண்டு ஆரம்பியுங்கள். எல்லோருக்கும் ஒரே மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த நோய்க்கு இந்த ராகம் என்று பட்டியல் போட்டு வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதையும்தான்.

தந்திநாதம்

ஆற்றுமணல், இதை எழுதியதற்கு நன்றி. பாதிப் பேர் இதைச் சொல்வதே இல்லை.

மழைக்காலம்

ஒரு சின்னக் கேள்வி. பெயர் மறந்துபோகிறது, சாப்பிட்டது மறந்துபோகிறது. பாட்டு மட்டும் எப்படி மிஞ்சுகிறது?

தந்திநாதம்

அல்சைமர் முதலில் தாக்கும் மூளைப் பகுதிகளில் ஹிப்போகாம்பஸ் ஒன்று. இன்று நடந்ததை நாளைக்காக எடுத்து வைக்கும் இடம் அது. நெடுநாள் பழகிய பாட்டு அங்கே மட்டும் இல்லை. ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2015இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஆரோக்கியமான இளைஞர்களுக்குப் பழகிய பாட்டையும் புதுப் பாட்டையும் போட்டு, பழகியதற்கு மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று படம் எடுத்தார்கள். பிறகு அல்சைமர் உள்ளவர்களின் மூளையில் அதே இடத்தைப் பார்த்தார்கள். மற்ற பகுதிகளோடு ஒப்பிட்டால் அந்த இடம் குறைவாகவே சுருங்கியிருந்தது. அசைவுகளைத் திட்டமிடும் பகுதிக்கு ஒட்டினாற்போல் உள்ள இடம் அது. அதனால்தான் பாட்டு வரும்போது உதடும் விரலும் தானாக வருகின்றன என்று எனக்குத் தோன்றும். இது என் ஊகம்.

சைக்கிள் ஓட்டக் கற்றது மறக்காது என்பார்கள் இல்லையா, பல முறை வாயால் சொல்லிப் பழகியதும் அந்த ரகம். சினிமாப் பாட்டாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பிரார்த்தனை, விளையாட்டுப் பாட்டு, தாலாட்டு, பள்ளிக்கூடத்தில் கூட்டாகச் சொன்னது எதுவாக இருந்தாலும் சரி.

தூரத்துமகன்

நான் வெளியூரில் இருக்கிறேன், அப்பாவை அண்ணன் பார்த்துக்கொள்கிறார். வீடியோ காலில் சேர்ந்து பாடினால் பயன் உண்டா?

இரவுப்பணி

சேர்ந்து பாட முடியாது தம்பி, சத்தம் அரை நொடி தள்ளி வரும், அவர் குழம்புவார். நீங்கள் மட்டும் பாடுங்கள், அவர் கேட்கட்டும். இல்லையென்றால் உங்கள் குரலில் பதிந்து அனுப்புங்கள், அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு போடட்டும். பெரிய உதவி என்னவென்றால், அப்பா சின்ன வயதில் எதைக் கேட்டார் என்று சொந்தக்காரர்களிடம் விசாரித்துப் பட்டியல் சேர்ப்பது. கூட இருப்பவருக்கு அதற்கு நேரம் இருக்காது.

வெண்முகில்

நான் 81 வயதுக்காரன். மனைவிக்கு இந்த நோய். தந்திநாதம் சொன்னபடி இளமைக் காலப் பாட்டு ஒன்று போட்டேன். எங்களுக்குக் கல்யாணம் ஆன புதிதில் கேட்டது. இரண்டாவது வரியிலேயே அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்துவிட்டது. பயந்துபோய் நிறுத்திவிட்டேன். என் மகன், அம்மாவை ஏன் அழ வைக்கிறீர்கள் என்று கோபித்துக்கொண்டான். நான் தப்புச் செய்துவிட்டேனா?

தந்திநாதம்

ஐயா, இல்லை. அழுகை வந்தாலே துன்பம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அழும்போது கை எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறதா? விரல் இறுகி, உடம்பு பின்னால் போய், கண் யாரையோ தேடினால் அது கலக்கம். அந்தப் பாட்டை எடுத்துவிட வேண்டும், மறுபடி போடக்கூடாது. எந்தப் பாட்டு என்று எழுதியும் வைக்க வேண்டும், வேறு யாராவது தெரியாமல் போட்டுவிடுவார்கள். ஆனால் உடம்பு தளர்ந்து, கண்ணீர் மட்டும் வந்தால் அந்த உணர்ச்சிக்கு அவரிடம் இன்னும் இடம் இருக்கிறது என்று பொருள். அப்போது பாட்டைப் பாதியில் வெட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து முடியும் வரை இருங்கள். முடிந்த பிறகு நாலைந்து நிமிடம் எழுந்து போகாதீர்கள்.

வெண்முகில்

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். நன்றி அம்மா.

கேள்விக்குறி

இது உதவினால் மாத்திரையைக் குறைக்கலாமா? மாமனாருக்குத் தூக்கத்துக்கும் கோபத்துக்கும் சேர்த்து இரண்டு கொடுக்கிறார்கள்.

இரவுப்பணி

நீங்களாகக் குறைக்கவே கூடாது. ஆனால் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விதான். ஆன்டிசைக்கோடிக் (மனநோய்க்குக் கொடுக்கும்) வகை மாத்திரைகள் மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2005இலேயே எச்சரித்தது. எந்த மாத்திரை, எதற்கு, எவ்வளவு நாள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். எந்த நேரத்தில் என்ன நடந்தது என்று எழுதியிருந்தால் டாக்டர் முடிவெடுக்கச் சுலபம். இன்னொன்று, புதிதாகக் கோபம் அதிகமானால் வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலியால் கத்துபவருக்குப் பாட்டுப் போட்டு உட்கார வைப்பது அநியாயம்.

வாசல்விளக்கு

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல வேண்டும், நேரம் கிடைக்கும்போது சொல்கிறேன். இப்போது அம்மா தூங்குகிறார்.

சாயங்காலம்: சித்தியிடம் போனில் பேசிப் பதினாறு பாட்டுச் சேர்த்தேன். அதில் அம்மாவுக்குப் பிடித்தது மூன்றுதான். ஒரு பாட்டு வந்ததும் இறந்துபோன மாமாவைத் தேடி அறை அறையாகப் போனார், அதை எடுத்துவிட்டேன். நாலரைக்கு அவர் நாற்காலிக்கு எதிரே ஸ்பீக்கரை வைத்து நானும் உட்காருகிறேன். ஐந்து மணிக்கு இன்னும் எழுந்துதான் போகிறார். ஆனால் வாரத்தில் மூன்று நான்கு நாள் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துவிடுகிறார். மற்ற நாள் பழையபடிதான். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், இல்லையென்றால் கெட்ட நாள் மட்டுமே எனக்கு ஞாபகம் இருந்திருக்கும்.

குளியல்: சித்தி சொன்ன எந்தப் பாட்டும் குளியலறையில் எடுபடவில்லை. தந்திநாதம் பள்ளிக்கூடத்தில் கூட்டாகச் சொன்னது என்று எழுதியிருந்தீர்கள். ஒரு காலை, அடி வாங்கிய எரிச்சலில் வேறு எதுவும் தோன்றாமல், சின்ன வயதில் அம்மா வகுப்பில் ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்த மாதிரி வாய்ப்பாட்டை ஆரம்பித்தேன். ஈரிரண்டு நாலு. மூவிரண்டு ஆறு. அம்மாவின் கை தூக்கியபடி அப்படியே நின்றது. நாலிரண்டு என்று நான் இழுக்கவும், "எட்டு" என்றார். டீச்சர் குரல்.

இப்போது ஒரு வரிக்கு ஒரு குவளை. வரி முடிகிற இடத்தில் தண்ணீர் ஊற்றுகிறேன். எப்போது மேலே விழும் என்று அவருக்கு முன்பே தெரிகிறது, அதனால்தான் பயமில்லை என்று நினைக்கிறேன். முதலில் கால், பிறகு முழங்கால், தோள் கடைசியில். இரண்டாம் வாய்ப்பாட்டில் பாதம், ஐந்தாம் வாய்ப்பாட்டில் முதுகு. தலைக்கு இன்னும் ஊற்றவில்லை. அது வாரம் ஒரு நாள் ஈரத்துணியால் துடைப்பதோடு நிற்கிறது, அவசரப்படப் போவதில்லை.

நேற்று ஏழாம் வாய்ப்பாட்டில் எனக்கே தடுமாறிவிட்டது. ஏழெட்டு என்று நின்றேன். அம்மா காத்திருந்தார். அப்புறம் குவளையை என் கையிலிருந்து வாங்கி, "அம்பத்தாறு, மறுபடி முதல்ல இருந்து சொல்லு" என்று தன் தோளில் தானே ஊற்றிக்கொண்டார். முதலில் இருந்து சொன்னேன்.